சொருகாத ஒயர்

அன்புள்ள நைனாவுக்கு,

ஜெயவேல் வணக்கத்தோடு எழுதுவது. மூச்சிரைப்பு தேவலையா? கொடுங்கையூர்க் குப்பைமேட்டுப் புகை வந்தால் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

துபாயில் நான் நலம். பகலில் கிட்டார் பாடம் எடுக்கிறேன், மாலையில் ஓட்டலில் ஜாஸ். போனில் சொல்ல வாய் வராததால் எழுதுகிறேன். போன மாதத்திலிருந்து ஓட்டலில் பதிவு செய்த இசையைத்தான் போடுகிறார்கள். கானா, கல்யாணக் கச்சேரி, ஜாஸ் என்று எதையும் வாசித்த நான், ஒயரைச் சொருகாத பேஸ் கிட்டாரோடு நின்று விரலை ஆட்டினால் போதுமாம்.

நேற்று ஒரு வேடிக்கை. என்னிடம் படிக்கும் நர்ஸ் தமன்னா, நம்ம தண்டையார்பேட்டைப் பெண், குடும்பத்தோடு ஓட்டலுக்குச் சாப்பிட வந்தது. "சார், ஒயரு கயண்டு கீது!" என்று ஓடிவந்து சொருகிவிட்டது. நான் கண்டபடி ஆட்டியதெல்லாம் ஸ்பீக்கரில் அலறியது. எல்லாரும் சிரித்தார்கள். தமன்னா சிரிக்கவில்லை.

"மொதல்ல ஒயரப் பாருன்னு நீங்கதானே சார் சொல்வீங்க?"

ஓட்டல் மேடையில் எடுத்து நான் அனுப்பிய வீடியோவை இனி டீக்கடையில் காட்டாதீர்கள், நைனா. அதில் கேட்பது என் வாசிப்பு இல்லை.

யாராவது வந்தால் காசிமேட்டுக் கருவாடு கொடுத்தனுப்புங்கள். மேடைக்கு நேரமாகிவிட்டது. போன தடவை கேட்ட பேஸ் கிட்டார் தந்தி மட்டும் வாங்க வேண்டாம். பழசு தேயவே இல்லை.

உங்கள்
ஜெயவேல்