மன்னித்தவளின் சாட்சி

அன்பான என் வீட்டுக்காரருக்கு,

நீங்கள் இல்லாத முதல் பெரிய வெள்ளி வந்து போய்விட்டது. மூன்று மணி நேர ஆராதனையையும் உட்கார்ந்து கேட்டேன். சுற்றிலும் எல்லாரும் அழுதார்கள், எனக்கு வரவில்லை. உங்களை அடக்கம் பண்ணிய நாளிலிருந்தே இப்படித்தான். பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி மரத்துக் கிடக்கிறது மனசு.

பாடகர் குழுவில் உங்கள் இடம் காலியாக இல்லை. உங்கள் பக்கத்தில் நின்று பாடிய டேனியல் கொஞ்சம் நகர்ந்து நின்றுகொண்டான். உங்கள்மேல் வண்டியை ஏற்றிய அதே டேனியல்தான்.

ஆராதனை முடிந்து வெளியே கஞ்சி ஊற்றினார்கள். அவனே ஒரு டம்ளர் கொண்டுவந்து நீட்டினான். வாங்கிக் குடித்தேன். உப்பு போட்டிருந்தார்களா, தெரியவில்லை.

"அக்கா, திங்கக்கெழம கோலார் கோர்ட்ல உங்கள கூப்புடுவாங்க. பிரேக் புடிக்கலன்னு சொல்லிக்கினு இருக்கேன். போன் விசயத்த மட்டும் சொல்லாதீங்க."

ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட் எதிரில் நாம் ரோட்டைக் கடந்தபோது, அவன் காதில் போனை வைத்துப் பேசிக்கொண்டே வந்தான். பார்த்தவள் நான் ஒருத்திதான். வண்டி ஓட்டுவதுதான் அவன் பிழைப்பு. லைசென்ஸ் போனால் பிள்ளைகளோடு நடுத்தெருவில் நிற்பான், அதுவும் எனக்குத் தெரியும்.

பக்கத்தில் நின்ற சபைக் கமிட்டிக்காரர் விடவில்லை. "கிறிஸ்து ரத்தம் சிந்தி அவனையும் மன்னிச்சாச்சி. கேச நடத்த நீ யாரும்மா?"

உங்கள் ஞாபகம்தான் வந்தது. பிரசங்கம் கேட்டுவிட்டு வந்து, சோற்றைப் பிசைந்துகொண்டே சண்டை போடுவீர்களே. "சும்மா மன்னிச்சி உட்டுட முடியும்னா, அவரு இன்னாத்துக்கு செத்தாரு?" என்பீர்கள். நடந்ததை நடக்கவில்லை என்று மூடிவிடலாம் என்றால் சிலுவையே வேண்டியிருந்திருக்காது. அப்படித்தானே?

இன்று ஈஸ்டர். நற்கருணைக்கு முழங்கால் போட்டேன். என் பக்கத்தில் மட்டும் இடம் இருந்தது, டேனியல் வரத் தயங்கினான். நகர்ந்து இடம் விட்டேன். "மன்னிச்சிட்டேன் தம்பி" என்றேன். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

மனசு வராமல் சொன்னது மன்னிப்பாகுமா? சிலுவைக்கு முந்தின ராத்திரி தோட்டத்தில் ஜெபித்தபோது, ஆண்டவருக்கே அந்தப் பாடுகளின் பாத்திரத்தைக் குடிக்க மனசில்லை. நீக்கிவிடும்படிதான் கேட்டார். ஆனாலும் பிதாவுக்குக் கீழ்ப்படிந்து போனார். எனக்கு அன்பு வரட்டும் என்று காத்திருந்தால், அதற்குள் நானே உங்கள் பக்கத்தில் வந்து படுத்துவிடுவேன்.

வெளியே வந்ததும் அவனிடம் சொல்லிவிட்டேன். "போன் உன் காதுல இருந்துச்சின்னு சொல்லத்தான் போறேன்."

"அப்போ இன்னாக்கா மன்னிப்பு அது?" என்றான். குரலில் கோபம் இல்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான்.

நாளைக் காலை பஸ்ஸில் கோலார் போகிறேன். பார்த்ததைப் பார்த்தபடி சொல்வேன், கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். அவனை உள்ளே வைத்துவிட்டால், அவன் பிள்ளைகளுக்குச் சோறு நம் வீட்டில்தான். ஆக்கிப் போட எனக்கு மனசே இல்லை. ஆனாலும் ஆக்குவேன். இது உங்களுக்கு நான் கொடுக்கிற வாக்கு.

இப்போதும் உங்கள் மனைவியாகவே இருக்கிற,
ரூத்