தங்கை குடித்த தண்ணீர்

அன்பு மகளுக்கு, நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் கடவுள் துணையால் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

உன் தங்கைக்குப் போன வாரம் ஏழாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்து பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை, உன் மூக்கு. ஒரு நாள்கூடத் தங்கவில்லை. "அக்காகிட்ட சொல்லாதம்மா, மாசமா இருக்கிறவ, பயந்துடுவா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அவளுக்குக் கொஞ்ச நாளாகவே பிரஷர் ஏறியிருந்தது, மாத்திரை கொடுத்திருந்தார்கள். ரத்தத்தில் கொழுப்பும் அதிகம் என்று ரிப்போர்ட் வந்ததும் பள்ளிக்கூடத்தில் என்றும் முதல் மார்க் வாங்கிய நம் பெண் பரீட்சையில் தோற்ற மாதிரி ஆகிவிட்டாள். எண்ணெயைத் தொடவில்லை, மாதக் கடைசியில் டின் காலியாகாததைப் பார்த்து, வீட்டில் சிக்கனம் வந்துவிட்டதென்று நான்கூடச் சிரித்தேன். பிரஷருக்காகச் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கிற நாளில் சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருக்கிறாள். வெறும் தண்ணீராகப் போனால் புரதம் எங்கே தெரியும்? "பாத்தியாம்மா, பாஸ்" என்று ரிப்போர்ட்டை ஆட்டினாள், அப்பா "இதுக்கும் ட்யூஷன் போனியா" என்று கேலி செய்தார். முகம் உப்பியது, செருப்பு நுழையவில்லை, பிள்ளைத்தாச்சிப் பூரிப்பு என்றே இருந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை தலை பிளக்கிறது, கண்ணில் பூச்சி பறக்கிறது என்றாள், ஆஸ்பத்திரியில் டியூப் வைத்துச் சிறுநீர் எடுத்துப் பார்த்தபோதுதான் புரதம் அவ்வளவு போவது தெரிந்தது, தாய் உயிருக்கே ஆபத்து என்று உடனே பிள்ளையை எடுத்தார்கள். மாசமாக இருந்தால் ரத்தக் கொழுப்பு எல்லாருக்கும் ஏறும், இந்தப் பிரஷர் வந்தவர்களுக்கு இன்னும் ஏறலாம், எண்ணெயை விட்டதால் இது நின்றிருக்காது, யார் செய்த தப்பாலும் வருவதில்லை என்று டாக்டரம்மா அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். புரதம் முன்பே தெரிந்திருந்தால் அப்போதே சேர்த்துப் பார்த்திருப்போம் என்று வெளியே வந்து என்னிடம் சொன்னார். அதை மட்டும் அவளிடம் சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவளுக்கே புரிந்துவிட்டது போல, தண்ணீர் டம்ளரை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். குடிக்கப் பிள்ளை இல்லாத பால் அவள் மார்பில் கட்டி வலிக்கிறது, ஈரத் துணி மாற்றி மாற்றி வைக்கிறேன். சாமி முன்னால் கேட்க ஒன்றும் வரவில்லை, சும்மா நின்றுவிட்டு வருகிறேன்.

அடுத்த தடவை சிறுநீர் கொடுக்கும்போது அவர்கள் சொன்னபடி போ, நீயாக எதையும் கூட்டாதே, குறைக்காதே. கெட்ட ரிப்போர்ட் வந்தால் வரட்டும், அதில் நல்ல பெயர் வாங்க வேண்டாம். தலைவலியோ கண் மங்கலோ வந்தால் விடியட்டும் என்று இருக்காதே. கடவுள் உன்னையும் பிள்ளையையும் கைவிடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

எழுதுவதைத் தங்கை பார்த்துவிட்டாள். கோபிக்கவில்லை. "அக்காவுக்குக் கால் வீங்கியிருக்கான்னு கேளும்மா" என்றாள். உடனே பதில் எழுது, அவள் பெயருக்கே எழுது.