கோமதி கோப்பை வழக்கில் ஒரு திருத்தம்

பெஞ்சில் பாதியையும் டிபன் பாக்ஸில் முக்காலையும் பிடுங்கிக்கொண்ட என் கோமதிக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. நம் சட்டக் கல்லூரிச் செய்தி மடலில் 'செய்திகளும் நிகழ்ச்சிகளும்' பக்கம் உன்னுடையது. ஐப்பசிக்கு அப்புறம் அந்தப் பக்கமே இல்லாமல்தான் மடல் வந்தது. இந்த மாதம் முதல்வர் அதை என் தலையில் கட்டிவிட்டார். "நூலகத்திற்குக் குளிர்சாதன வசதி செய்யப்பட்டுள்ளது" என்று ஒரு வரி எழுதினேன். நீ பின்னால் நின்று சிரிப்பது போலவே இருந்தது. சரி, எழுதுவதை உனக்கே எழுதிவிடுகிறேன். மற்றவர்களும் கூடவே படித்துக்கொள்ளட்டும்.

ஆமாம், நூலகத்துக்கு ஏசி வந்துவிட்டது. நூலகம் எந்த மாடியில் இருக்கிறது என்றே தெரியாத பிள்ளைகளெல்லாம் இப்போது மத்தியானம் சாப்பிட்டதும் அங்கேதான் இருக்கிறார்கள். சிலர் படிக்கவும் செய்கிறார்கள். கேன்டீன் கை மாறியது, வடை இளைத்துவிட்டது. போன வருஷம் உன்னிடம் படித்துவிட்டுப் போனவர்களில் ஒருத்தி வக்கீலாகப் பதிவு செய்துகொண்டு உங்கள் ஊர் திருத்துறைப்பூண்டி கோர்ட்டுக்கே போகிறாள். அடுத்த மாதம் திருப்பனந்தாளில் சட்ட உதவி முகாம். பட்டா மாற்றுவதில் சிக்கல் இருக்கிறவர்கள் போன் செய்து, "கோமதி மேடம் வருவாங்களா?" என்று கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?

உன் மேஜையை யாருக்கும் கொடுக்கவில்லை. புதிதாக வந்த பேராசிரியர் ஒருவர் இரண்டு முறை கேட்டுவிட்டார். விடைத்தாள் கட்டுகளை அதன் மேல் அடுக்கி வைத்து, இடமில்லை சார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதில் பாதி திருத்தி முடித்த கட்டுகள்தான்.

பெரிய செய்தி இனிமேல்தான். வருகிற சனிக்கிழமை மாதிரி நீதிமன்றப் போட்டியின் இறுதிச் சுற்று. இந்த வருஷத்திலிருந்து கோப்பைக்கு உன் பெயர். வெளியூர்க் கல்லூரிகளிலிருந்தெல்லாம் அணிகள் வருகின்றன. வழக்கை எழுதியது நான். எழுதிய வழக்கு தப்பு, கோமதி. எல்லோருக்கும் அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

சட்டம் படிக்காதவர்களும் இந்த மடலைப் பார்ப்பார்கள். அவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். மாதிரி நீதிமன்றத்தில் கற்பனையாக ஒரு வழக்கை எழுதிக் கொடுப்போம். இன்னார் இன்னாருக்கு இன்னது செய்தார் என்று அதில் இருப்பதை அப்படியே ஒப்புக்கொண்டு, சட்டத்தை மட்டும்தான் வாதிட வேண்டும். நடந்ததாகச் சொன்னது நடக்கவே இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது. அந்த விதியை இந்தக் கல்லூரியில் முதன்முதலில் மீறியது யார் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா?

நாம் இரண்டாம் வருஷம். நீயும் நானும் ஒரே அணி. சித்திரை மாதத்தில் ஒருவர் ஆற்று மதகைத் திறந்துவிட்டார், பக்கத்து வயல் நாற்றங்கால் மூழ்கிவிட்டது, இதுதான் வழக்கு. நான் நூலகத்தில் பழி கிடந்து தீர்ப்புகளைத் தேடி வைத்திருந்தேன். நீ எழுந்தாய். ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம் ஒழுங்காகப் பேசினாய். அப்புறம் பொறுக்க முடியாமல் தமிழுக்குத் தாவிவிட்டாய்.

"சித்திரையில ஆத்துல தண்ணி ஏது, மை லார்ட்? பயலுவ கிரிக்கெட் ஆடிக்கிட்டு இருப்பானுவ."

நீதிபதியாக உட்கார்ந்திருந்த மூத்த வக்கீல் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். அப்புறம், இந்த நீதிமன்றத்தைப் பொறுத்தவரை ஆற்றில் தண்ணீர் ஓடுகிறது என்று சொல்லி, உட்காரச் சொன்னார். நீ உட்காரவில்லை. மேஜைக்குக் கீழே உன் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தவள் நான். தோற்றோம். இரண்டு வாரம் உன்னோடு பேசவில்லை. நீயோ அதைப் பற்றிக் கவலையே படாமல் தினமும் என் டிபன் பாக்ஸைத் திறந்து தின்றுகொண்டிருந்தாய்.

நாம் இருவரும் இதே கல்லூரிக்கு வாத்தியார்களாக வந்து, போட்டி வழக்கு எழுதுகிற வேலை உன் கைக்கு வந்ததும், நீ ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினாய். எழுதிய வழக்கை ஊருக்கு எடுத்துப் போய், உன் அக்கா தனத்துக்கும் அவரோடு வயலில் நிற்கிறவர்களுக்கும் உரக்கப் படித்துக் காட்டுவாய். அவர்கள் ஓட்டை சொல்லுவார்கள். அடைத்த பிறகுதான் அச்சுக்குப் போகும். உன் அப்பாவும் அம்மாவும் கூலிக்கு நட்ட வயலையே பின்னால் வாங்கிய குடும்பம் உன்னுடையது. அந்த வயலில் நிற்பவர்கள் ஒப்புக்கொள்ளாத வழக்கு உனக்கு வழக்கே இல்லை. ஒவ்வொரு வருஷமும் என்னையும் கூப்பிடுவாய். பேப்பர் திருத்தணும், தலைவலி, பஸ்ஸில் கூட்டம் என்று நானும் ஒவ்வொரு வருஷமும் ஒன்று சொல்லுவேன். "போடி ஏட்டுச் சுரைக்காய்" என்று சொல்லிவிட்டு திருத்துறைப்பூண்டி பஸ் ஏறிவிடுவாய். போன வருஷமும் அப்படித்தான் போனாய். அதுதான் கடைசி என்று உனக்காவது தெரிந்திருந்ததா?

இந்த வருஷம் நான் எழுதினேன். தை மாதக் கடைசி. ஒரு விவசாயியின் வயல் அறுப்பு முடிந்து காலியாகக் கிடக்கிறது. பக்கத்து வயல்காரர் கேட்காமல் கொள்ளாமல் அதன் குறுக்கே அறுவடை மெஷினை ஓட்டிப் போகிறார். நஷ்டம் எதுவும் இல்லை, ஆனால் அத்துமீறல். நஷ்டமே இல்லாத அத்துமீறலுக்கு என்ன பரிகாரம்? அழகான சட்டக் கேள்வி என்று எனக்கே பெருமையாக இருந்தது. யாருக்கும் படித்துக் காட்டவில்லை. படித்துக் காட்ட வேண்டுமானால் உங்கள் வீட்டுக்குப் போக வேண்டும். உன்னைத் தூக்கிப் போன அன்று வந்ததுதான், அப்புறம் அந்தத் தெருவுக்குள் நான் நுழையவே இல்லை.

நம் பிள்ளைகளுக்குள் தகுதிச் சுற்று நடந்தது. குத்தாலத்துப் பெண் நிவேதா, இரண்டாம் வருஷம், பாதி வாதத்தில் நிறுத்தினாள். அந்த வயல் காலியாக இருந்திருக்காது என்றாள். நீதிபதி இருக்கையில் இருந்தவர், இந்த நீதிமன்றத்தைப் பொறுத்தவரை வயல் காலிதான் என்றார். மதிப்பெண் போயிற்று, அவள் அணி வெளியே. நான் வராந்தாவில் அவளைப் பிடித்துத் திட்டினேன். கொடுத்த சம்பவத்தை மறுக்கக் கூடாது என்று வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று கேட்டேன்.

"தெரியும் மேடம்," என்றாள். "ஆனா சம்பா அறுக்கிறதுக்குப் பத்து நாள் முன்னாடியே பயிருக்குள்ள உளுந்து தூவிடுவோம். அறுத்து முடிக்கிறப்ப அது முளைச்சு நிக்கும். மெஷின் ஏறினா நஷ்டம்தான் மேடம்."

நஷ்டம் இருக்கிறது என்றால் என் அழகான சட்டக் கேள்வியே இல்லை. முதல்வரிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, மாதிரி வழக்குக்கு மாதிரி வயல் போதும்மா என்றார். வெளியூர் அணிகள் எழுத்து வாதத்தைக்கூட அனுப்பிவிட்டார்கள், இப்போது மாற்றினால் கல்லூரிக்கு அவமானம் என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. உண்மையைச் சொல்கிறேன், ஒரு பகல் முழுக்க அந்த நியாயத்துக்குள் ஒளிந்துகொண்டு சுகமாக இருந்தேன். என் பெயரும் கெடாது, உங்கள் ஊருக்கும் போக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறினேன்.

தனம் அக்கா வயலில் இருந்தார். என்னைப் பார்த்ததும் வரப்பில் ஏறி வந்தார். வா என்று சொல்லவில்லை.

"நாலு மாசம் ஆச்சா விஜி, வழி தெரிய?"

"உங்களைப் பாத்தா அழுதுடுவேன்னு பயமா இருந்துச்சுக்கா."

"நீயும் வரலன்னா நான் யாருகூட உக்காந்து அழுவுறது?"

அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பக்கத்து வயலில் இருந்த இரண்டு பேர் பார்த்துவிட்டு, பார்க்காதது போலத் திரும்பிக்கொண்டார்கள். பிறகு அக்கா முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கையில் என்ன காகிதம் என்று கேட்டார். உன் கோப்பை வழக்கு என்றேன். அந்த இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டு, படி என்றார். படித்தேன். நாலாவது வரியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

"காலி வயல்னு யாரு சொன்னா?"

வயலைக் காட்டினார். எனக்கு நெல் அறுத்த தாள் மட்டும்தான் தெரிந்தது. பத்து நாள் ஆயிற்று அறுத்து, நன்றாகப் பார் என்றார். குனிந்து தாளை விலக்கினார். அடியில் பச்சை. வரிசையில்லாமல், கை போன போக்கில் தூவியது, வயல் முழுக்க. பஸ்ஸிலிருந்து இத்தனை வருஷமாகப் பார்க்கிறேன், மாசி மாதத்து வயல் வெறும் வயல் என்றே நினைத்துவிட்டேன் பார்.

"வெதை அவ எடுத்து வச்சதுதான்," என்றார் அக்கா. "போன வருஷம் லீவுல வந்தவ, பொடைச்சுப் பொறுக்கிச் சாம்பல் பெரட்டி வச்சுட்டுப் போனா. தையில நான் தூவுனேன்."

கோமதி, நீ ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான்தான் கூட வரவில்லையே, எப்போது சொல்லுவாய்.

திங்கட்கிழமை முதல்வரிடம் போனேன். மறுபடியும் மாதிரி வழக்கு, மாதிரி வயல் என்று ஆரம்பித்தார். "கோப்பையில இருக்கிறது மாதிரிப் பேரா சார்?" என்று கேட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார். கல்லூரி பெயரில் வேண்டாம், உங்கள் பெயரில் திருத்தம் அனுப்பிக்கொள்ளுங்கள் என்றார். அனுப்பினேன். 'வழக்கின் நாலாவது வரியில் "காலியாகக் கிடந்தது" என்பதை "உளுந்து முளைத்திருந்தது" எனத் திருத்திக்கொள்ளவும். பிழைக்கு நானே பொறுப்பு.' கீழே கையெழுத்து.

அன்று முழுக்க போனில் திட்டு. ஐந்து நாளில் எப்படி மாற்றி எழுதுவது என்று ஒரு கல்லூரிப் பேராசிரியர் எனக்கே வகுப்பெடுத்தார். இன்னொரு அணி, உளுந்துக்குப் பதில் பச்சைப்பயறு என்றால் சட்டம் மாறுமா என்று கேட்டு எழுதியிருக்கிறது. உனக்குப் பிடித்திருக்கும் அந்த அணியை.

நிவேதாவிடம் வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டேன். அவள் அணியைத் திரும்பச் சேர்க்க விதியில் இடமில்லை. அந்த வருத்தம் அவளுக்கு இருக்கிறது, இருக்கட்டும், நியாயமான வருத்தம்தான். இறுதிச் சுற்று தொடங்கும் முன் வழக்கை மேடையில் வாசிக்கிற வழக்கம் உண்டே, அதை அவள்தான் செய்யப் போகிறாள். தமிழில்.

ஏன் தமிழில் என்கிறாயா? கோப்பையைக் கொடுக்க தனம் அக்கா வருகிறார். முதலில் முடியவே முடியாது என்றார், உளுந்துக்கு மருந்து அடிக்க வேண்டுமாம். நான் பஸ் ஏறும்போதுதான் சம்மதித்தார், அதற்கும் ஒரு நிபந்தனை. தனக்குப் புரிகிற பாஷையில் வாசிக்க வேண்டும். எங்காவது தப்பாக இருந்தால் எழுந்து சொல்லிவிடுவாராம்.

முன்வரிசையில் அவருக்கு நாற்காலி போட்டாயிற்று, பக்கத்தில் எனக்கு. இனி ஒவ்வொரு வருஷமும் வழக்கை எழுதியதும் அந்த வரப்பில் போய்ப் படித்துக் காட்டுவேன். அது ஒரு வாக்கு. இன்னொன்றும் இருக்கிறது. சனிக்கிழமை அக்கா எழுந்து, நீதிபதி உட்காரச் சொன்னால், நான் அவர் முந்தானையைப் பிடித்து இழுக்க மாட்டேன். நானும் கூட எழுந்து நிற்பேன் கோமதி. இருபது வருஷத்துக்கு முன்னால் உன் பக்கத்தில் நான் நின்றிருக்க வேண்டியது.

இப்படிக்கு,
தனம் அக்காவுக்கு மிச்சமிருக்கிற தங்கை,
உன் ஏட்டுச் சுரைக்காய்,
விஜி