நிற்காத இன்ஜின்

செவ்வாய், இரவு.

நேத்துக் காலையில கரைக்கு வர வேண்டிய பக்கத்து வீட்டு சேவியர் அண்ணன் இன்னும் வரலை. கடல்லேருந்து அவர் கடைசியா அனுப்பின வாய்ஸ் மெசேஜோட அவர் சம்சாரம், மதினி, மத்தியானம் என் ஸ்டூடியோவுக்கு வந்துச்சு. அதுல பின்னால கேக்குற இன்ஜின் சத்தத்தைத் தனியாப் பிரிச்சுக் கொடுத்தா, போட் மெக்கானிக் கேட்டுப் பார்த்து இன்ஜின் எப்படி இருக்குன்னு சொல்வாராம்.

கல்யாண வீடியோவுக்கு மேளச் சத்தத்தை லூப் போட்டே பழகின கை. சீரா இருந்த நாலு செகண்டை மட்டும் வெட்டி, அதையே ஒட்டி ஒட்டி அஞ்சு நிமிஷத்துக்கு ஓடவிட்டேன்.

மெக்கானிக் கண்ணை மூடிக் கேட்டார். "இன்ஜின் நல்லாத்தான் ஓடுது ஆத்தா. காத்துக்குப் பயந்து வடக்க எங்கிட்டாவது ஒதுங்கியிருப்பான்." தேடுற போட்டெல்லாம் வடக்க போயிருச்சு. மதினி அப்பத்தான் ஒரு வாய் டீ குடிச்சுச்சு.

சாயங்காலம் முழு மெசேஜையும் கேட்டேன். ரெண்டு இடத்துல இன்ஜின் விக்கி, நிக்கப் போய், திரும்பப் பிடிச்சிருக்கு. லூப்ல ஒட்டு தெரியும்னு அதை நான்தான் வெட்டியிருக்கேன். அப்புறம் இன்ஜின் ஒரேயடியா நின்னுருந்தா நீரோட்டம் போட்டைத் தெக்க இழுத்திருக்கும். மெக்கானிக்கிட்ட ஓடிப் போய்ச் சொன்னேன். தலையில கை வச்சுட்டார். போனவங்களுக்கு டவர் கிடைக்கலை. கரையில வேற போட்டும் இல்லை.

மதினிகிட்டச் சொல்ல எனக்கு வாய் வரலை. நான் கொடுத்ததைத்தான் பக்கத்து வீட்டுல திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்கு. இன்ஜின் நிக்கவே இல்லை.