அம்மா வைத்த மீன் துண்டு

செவ்வாய், இரவு

“இந்தக் காதோட நேவியில மாலுமியாவும் சேர முடியாது, காலேஜ் முடிச்சு ஆபீசராவும் போக முடியாது தம்பி” என்றார் டாக்டர். இடது காது ஜவ்வில் ஓட்டையாம். நேவி மெடிக்கல் டெஸ்டுக்கு முன்னால் சும்மா காட்டிவிட்டு வரலாம் என்றுதான் போனேன்.

சங்கு குளிக்கப் போன முதல் நாளே அந்தக் காதில் ரத்தம் வந்தது. “காது தொறந்துட்டுல, இனி எந்த ஆழமும் போலாம்” என்று அப்பா வள்ளத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் மிட்டாய் கொடுத்தார். எங்கள் கடற்கரையில் அதை யாரும் காயம் என்று நினைப்பதில்லை.

வீட்டில் எத்தனை சண்டை. அப்பாவுக்கு நான் இப்போதே மாலுமியாகச் சேர வேண்டும். அம்மாவுக்கு நான் படித்து ஆபீசராக வேண்டும்.

சாப்பிடும்போது அப்பா கேட்டார். “என்னல, மாலுமியா ஆபீசரா? முடிவு பண்ணிட்டியா?”

“ரெண்டும் இல்லப்பா. காது போச்சு” என்றேன் மெதுவாக.

எப்போதும் போல, கேட்கிற காதைத் திருப்பி, “சத்தமாச் சொல்லுல” என்றார். அதற்குள் அம்மா குழம்புச் சட்டியோடு வந்துவிட்டாள்.

“ஆபீசர்” என்று கத்தினேன்.

அம்மா என் தட்டில் இன்னொரு மீன் துண்டு வைத்தாள்.