பதினான்கு பக்கமும் ஒரு பெயரும்

ஆவணி 5, வெள்ளி

விடியலில் தூறல். இப்போது வெயில். இது எந்த வருஷம் என்று பின்னால் யாராவது கேட்டால்: இண்டூர் ரோட்டை அகலம் பண்ணப் புளியமரங்களை வெட்டிய வருஷம். பறிக்கிற கூலிக்குக் கட்டாமல் தக்காளியைச் செடியோடு மாட்டுக்கு விட்ட வருஷம். மாரியம்மன் தேரை யார் முதலில் இழுப்பது என்று இரண்டு கட்சி ஆகி, தேர் நகராமலே போன வருஷம். என் இடது நுரையீரலில் கட்டி என்று பெங்களூர் ஆஸ்பத்திரியில் சொன்னதும் அதே வருஷம்தான். தேருக்கு ஒன்பது நாள் முன்னால்.

எனக்கு எழுதத் தெரியாது. பக்கத்து வீட்டுச் செல்வி போனில் ஓர் இடத்தைக் காட்டினாள். அதை அழுத்திக்கொண்டு பேசினால் பேச்சு எழுத்தாகிறது. நான் வழக்கமாகப் பேசுகிறபடி பேசினால் அதற்குப் பிடிபடவில்லை. ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் போலப் பேசுங்கள், சரியாக வரும் என்றாள். அறுபது வருஷம் ரேடியோ கேட்டவன், அது ஒன்றும் கஷ்டமில்லை. ஞாபகத்துக்காகப் பேசி வைக்கவில்லை. ஞாபகம் இருக்கிறது. பேச ஆள் இல்லை.

இருமல்: காலையில் ஐந்து. சளியில் ரத்தம் இல்லை. கிணற்று மேடு ஏறும்போது இரண்டு இடத்தில் நின்றேன்.

பத்து மணிக்குக் கவிதா போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கிற பெண். ஓசூர்ப் பக்கம்.

"தாத்தா, உங்க ரிப்போர்ட் எல்லாம் பொருந்தி வந்துடுச்சுங்க. வர்ற வியாழக்கிழமை வாங்க. சம்மதத் தாள்ல இருக்கறத நான் படிச்சுக் காட்டுவேன். உங்களுக்குப் படிக்கத் தெரியாதில்லீங்களா, அதனால கூட ஒரு சாட்சி வேணும். படிக்கத் தெரிஞ்ச ஆளு. எங்க ஆஸ்பத்திரி ஆளா இருக்கக் கூடாது."

"வியாழக்கிழமைய விட்டா?"

"அதோட ஆள் எடுக்கறது முடியுதுங்க. இந்த மாத்திரை வெளியில கடையில கிடைக்காது."

இன்னொன்றும் சொன்னாள். தாளில் ஒரு பெயர் கொடுக்க வேண்டுமாம். மாத்திரையால் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் யாரைக் கூப்பிடுவது, சேர வேண்டியதை யாரிடம் சேர்ப்பது என்று. சொந்தமாக இருந்தால் நல்லது என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

ஆவணி 6, சனி

காற்று. கூரை ஓடு ஒன்று விழுந்தது. உடையவில்லை.

செல்வியின் புருஷன் மாதுவிடம் போனேன். பங்காளி முறையில் எனக்கு மகன். பத்தாவது வரை படித்தவன். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வியாழக்கிழமை பெங்களூருக்கு வந்து ஒரு கையெழுத்துப் போடு என்றேன்.

"என்னா கையெழுத்துங்க பெரியப்பா?"

"சாட்சிக் கையெழுத்து."

கையில் பிட்ட களியைத் தட்டிலேயே வைத்துவிட்டான்.

"ஆள வுடுங்க பெரியப்பா. சாட்சிக் கையெழுத்துப் போட்டுத்தான் எங்கப்பன் ஏழு வருஷம் கோர்ட்டுக்கு நடந்தாரு. நாளைக்கி உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா, நீதானே கூட்டிட்டுப் போயி ஊசி போட வெச்சேன்னு என்னியத்தான் புடிப்பாங்க."

"மாத்திரைடா. ஊசி இல்ல."

"எதுவோ ஒண்ணு." மறுபடி களியை எடுத்தான். "ஊருல எத்தினி பாகப்பிரிவினைக்கு நீங்க சாட்சி! எந்தக் கல்லு எங்க இருந்துச்சுன்னு உங்களத்தான கேப்பாங்க. கடைசீல உங்களுக்கு ஒரு சாட்சி கெடைக்கல பாத்தீங்களா."

சிரித்தான். கெட்டவன் இல்லை. பயந்தவன்.

அவன் சொன்னது நிஜம். என் ஞாபகத்தை நம்பி நாற்பது வருஷம் ஊர் வரப்பு வெட்டியது. பதினாறு பாகப்பிரிவினை. ஒவ்வொன்றிலும் என் கட்டை விரல் ரேகை.

இருமல் காலை நான்கு, மாலை ஒன்பது.

ஆவணி 7, ஞாயிறு

யாரும் வரவில்லை. நானும் எங்கும் போகவில்லை. களி, மோர். மோர் புளித்திருந்தது. நாலு மணிக்கு யாரோ கதவைத் தட்டியது போல இருந்தது. விழாமல் நின்ற இன்னோர் ஓடு காற்றில் ஆடுகிறது.

ஆவணி 8, திங்கள்

இண்டூரில் படிக்கத் தெரிந்தவர்களைப் பார்த்தேன்.

பால் சொசைட்டி எழுத்தர்: வியாழன் மகளுக்கு வளைகாப்பு.

ஜெராக்ஸ் கடைக்காரர்: கடையைப் பார்க்க ஆள் இல்லை. சாட்சி என்று நான் சொல்வதற்கு முன்னால் ஆள் இருந்தான்.

ரிட்டயர்டு வாத்தியார்: "வர்றேன்டா, வராம என்ன. ஆனா எனக்குக் கண்ணு தெரியாது. உனக்குப் படிக்கத் தெரியாது. ரெண்டு பேரும் போயி அந்தத் தாள மோந்து பாத்துட்டு வரலாமா?" இரண்டு பேரும் நன்றாகச் சிரித்தோம். எனக்கு இருமல் வந்து, அவர் வீட்டம்மா தண்ணீர் கொண்டுவந்து தூரமாக வைத்துவிட்டுப் போனார். இது ஒட்டாத வியாதி என்று சொல்ல நினைத்தேன். மூச்சு இல்லை.

மாத்திரையைப் பற்றிக் கவிதா போனில் சொன்னது திரும்பத் திரும்ப ஓடுகிறது. வழக்கமான மருந்து எல்லோருக்கும் உண்டு. அதற்கு மேல் பாதிப் பேருக்குப் புது மாத்திரை. மீதிப் பேருக்கு அதே நிறத்தில், அதே அளவில், மருந்து இல்லாத மாத்திரை. யாருக்கு எது என்று கம்ப்யூட்டர் சீட்டு எடுக்கும். "எனக்கு எதும்மா வரும்?" "எனக்கும் தெரியாதுங்க தாத்தா. டாக்டருக்கும் தெரியாது." டாக்டருக்குத் தெரியாது என்று ஒருத்தர் வாயால் சொல்லிக் கேட்டது இதுதான் முதல் தடவை. அதனால்தான் அந்தப் பெண்ணை நம்பினேன்.

உயிர் மேல் அப்படி ஒன்றும் ஆசை இல்லை என்று நினைத்திருந்தேன். இருக்கிறது. இல்லாவிட்டால் வாத்தியார் வீட்டுப் படியை இந்த மூச்சோடு ஏறியிருக்க மாட்டேன்.

ஆவணி 9, செவ்வாய்

வெயில். ஆதார் நகல் எடுக்கத் தருமபுரி போனேன். வேலை பத்து நிமிஷத்தில் முடிந்தது. பஸ் ஸ்டாண்டில் கடத்தூர் வண்டி நின்றது. ஏறி உட்கார்ந்தேன். ஏன் ஏறினேன் என்று இங்கே சொல்லிவிடுகிறேன்.

என் தங்கை கடத்தூரில் இருக்கிறாள். கடத்தூர்க்காரி என்றுதான் சொல்வேன். பெயர் சொல்லி இருபத்திரண்டு வருஷம். அப்பா போன பிறகு நிலத்தில் பங்கு கேட்டு அவள் கேஸ் போட்டாள். அண்ணனும் நானும் எதிர்த்தரப்பு. அண்ணனுக்கு எதுவும் ஞாபகம் இராது. என்னைத்தான் கூண்டில் ஏற்றினார்கள். கல்யாணத்தன்று அப்பா என்ன சொன்னார் என்று வக்கீல் கேட்டார். "நகையோட சரி, நெலத்துல பங்கில்ல" என்று ஏழு பேர் முன்னால் சொன்னார் என்றேன். ஏழு பேர் பெயரும், யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் சொன்னேன். ஜட்ஜ் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். அவள் பக்கம் தோற்றது. கோர்ட் படியில் என்னைத் தாண்டிப் போனாள். முகத்தைப் பார்க்கவில்லை. அதோடு சரி.

நான் சொன்னது பொய் இல்லை.

வண்டியைக் கிளப்பினார்கள். இறங்கிவிட்டேன். கண்டக்டர் பின்னாலிருந்து கத்தினார்: "பெருசு, ஏர்றதுன்னா ஏறு, எறங்கறதுன்னா எறங்கு. ரெண்டுக்கும் நடுவுல எங்க ஸ்டாப்பிங் இல்ல!" வண்டியே சிரித்தது.

இருமல் எண்ணவில்லை.

ஆவணி 10, புதன்

எடுத்து வைத்தவை: ஸ்கேன் படம். ஆதார். பழைய மாத்திரைச் சீட்டு. ஒரு வேட்டி. துண்டு இரண்டு, ஒன்று சளிக்கு. தண்ணீர் பாட்டில்.

மாது வெளியே போனதும் செல்வி வந்தாள். வேகவைத்த நிலக்கடலை ஒரு பொட்டலம்.

"நான் பன்னெண்டாவது முடிச்சவதான் மாமா. நாந்தான் உங்க கூட வரணும். அவுரு வேண்டான்னுட்டாரு. நீங்க போங்க மாமா. போயி நில்லுங்க. ஆளு இல்லேன்னா தொரத்தியா வுடுவாங்க?"

துரத்திவிடுவார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் போகிறேன்.

போனை எடுத்துப் பார்த்தேன். கடத்தூர்க்காரியின் மருமகள் நம்பர் எனக்கு மனப்பாடம். ஒரு கல்யாண வீட்டில் யாரோ யாருக்கோ சொல்லும்போது காதில் விழுந்தது, ஐந்து வருஷம் ஆகிறது. ஒரு தடவைகூட அழுத்தியதில்லை. இன்றும் இல்லை.

ஆவணி 11, வியாழன்

பெங்களூர் ஆஸ்பத்திரி. முதல் மாடி வராந்தா. மழை. முதல் பஸ்ஸில் வந்தேன்.

கவிதா பார்த்ததும் கேட்டாள்.

"கூட யாரும் வரலீங்களா தாத்தா?"

"என்னிய நல்லாத் தெரிஞ்சவங்க ஒருத்தரும் வரலம்மா. ஊரு முழுக்கக் கேட்டுட்டேன்."

"தெரிஞ்சவங்க வேணும்னு நான் சொன்னேனா? படிக்கத் தெரியணும், எங்க ஆளா இருக்கக் கூடாது, அவ்வளவுதாங்க. நான் படிக்கறது தாள்ல இருக்கறதுதானான்னு பாக்கணும். உங்களைத் தெரியாதவங்களா இருந்தா இன்னும் நல்லது."

ஐந்து நாள் நான் தப்பான ஆட்களைத் தேடியிருக்கிறேன். எங்கள் பக்கம் சாட்சி என்றால் மூன்று தலைமுறை தெரிந்தவன். இங்கே முகம் தெரியாதவன் வேண்டுமாம்.

வராந்தாவில் பக்கத்து நாற்காலிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். அன்சர் பாய். பாலக்கோட்டில் தக்காளி மண்டி. அவருடைய அம்மாவுக்கு உள்ளே கதிர்வீச்சு வைத்தியம், முடிய இரண்டு மணி நேரம் ஆகும்.

"நான் வர்றேனுங்க ஐயா. ஆனா உங்கள எனக்குத் தெரியாதுங்களே, பரவால்லீங்களா?"

"தெரியாதவங்கதான் வேணுமாம்."

"அப்ப நான்தாங்க சரியான ஆளு." சிரித்தார். "இண்டூர்த் தக்காளி எத்தன கூடைய வெல கொறச்சிருக்கேன். அந்தப் பாவத்துக்கு ஒரு கையெழுத்து."

உள்ளே கேமரா வைத்திருந்தார்கள். கவிதா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பாய் கண்ணாடி போட்டுக்கொண்டு விரலை வைத்துக் கூடவே வந்தார். பதினான்கு பக்கம். மாத்திரையால் வயிற்றுப்போக்கு வரலாம். தோல் உரியலாம். நுரையீரலே வீங்கலாம். பலன் இல்லாமலும் போகலாம். எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம், வைத்தியம் நிற்காது. எட்டாவது பக்கத்தில் எனக்கு அலுத்துவிட்டது.

"கேக்காததெல்லாம் ஏம்மா சொல்ற? நான் விரல் வெக்கறேன்னுதான சொன்னேன்."

"பாதிய மட்டும் சொல்லி நீங்க சரின்னா, அது சரின்னு ஆகாதுங்க தாத்தா. நீங்க கேக்கலன்னாலும் நான் சொல்லணும். அதான் முறை."

பாய் தலையை ஆட்டினார். "படிங்கம்மா. ஐயா, கேளுங்க."

கேட்டேன். கடைசிப் பக்கம் வரை கேட்டேன். அங்கே அந்தப் பெயர் எழுத வேண்டிய வரி காலியாக இருந்தது. அது இல்லாமல் விரல் வைக்க முடியாதாம். கவிதா, "சாப்பிட்டுட்டு வந்துடறேன், அதுக்குள்ள யோசிங்க" என்று போயிருக்கிறாள். பாய் அம்மாவைப் பார்க்கப் போயிருக்கிறார். நான் வராந்தா ஓரத்தில் போனோடு நிற்கிறேன். பக்கத்தில் யாரும் இல்லை.

செவ்வாய்க்கிழமை பாதிதான் சொன்னேன்.

கடத்தூர்க்காரிக்குக் கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள். மறுவீட்டுக்கு வந்திருந்தாள். கிணற்றடியில் அப்பா கால் கழுவிக்கொண்டு நின்றார். அம்மா குடத்தோடு. அண்ணன் கமலைக் கயிற்றைச் சுற்றிக்கொண்டு. அவள் புதுப் புடவையில், ஈரத்தில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு. நான் தொட்டி ஓரம். மாப்பிள்ளை உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா அவள் தலையில் கை வைத்தார்.

"கெணத்து மேட்டு அரை ஏக்கரா இவளுக்கு. நான் இருக்கற வரைக்கும் நான் உழறேன். அப்பறம் இவளுக்கு வுட்டுடணும். கேட்டுச்சா?"

அண்ணன் தலையாட்டினான். நானும் ஆட்டினேன்.

கோர்ட்டில் வக்கீல் கல்யாணத்தன்று என்ன சொன்னார் என்று மட்டும்தான் கேட்டார். கேட்டதற்குச் சொன்னேன். அவளுக்கு அந்தப் பேச்சுக்குச் சாட்சி வேண்டியிருந்தது. நான் மூன்றடி தூரத்தில் கூண்டில் நின்றேன். இந்த வருஷம் தக்காளியை மாட்டுக்கு விட்டது அந்த அரை ஏக்கரில்தான். அண்ணனுக்குப் பிள்ளை இல்லை, எல்லாம் என் பேருக்கு வந்தது. எனக்கும் பிள்ளை இல்லை. இருபத்திரண்டு வருஷம் உழுதேன். விளைந்தது. தின்றேன்.

என் பெண்டாட்டிக்குக்கூட இதைச் சொன்னதில்லை. அவள் போய் நாலு வருஷம் ஆகிறது.

கிணற்றடியில் அன்று ஐந்து பேர். அப்பா போனார், நெஞ்சுவலி, ஒரு தை மாதம். அம்மா அதற்கு அடுத்த வருஷம், கீழே விழுந்து. அண்ணன் கேஸ் முடிந்து பதின்மூன்றாவது வருஷம், சர்க்கரையில் கால் எடுத்து.

கவிதா வந்துவிட்டாள். போனை அணைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"தாத்தா, யோசிச்சீங்களா?"

"தங்கச்சி ஒருத்தி இருக்கறாம்மா. கடத்தூர்ல."

"போன் நம்பர்?"

சொன்னேன். எழுதிக்கொண்டாள்.

"கடைசியா எப்பப் பேசினீங்க?"

"இருவத்திரண்டு வருஷம் ஆச்சு."

பேனா நின்றது. "அப்ப அவங்க இருக்காங்களா இல்லையான்னே தெரியாதுங்களே தாத்தா."

"இருக்கறா. எங்க பக்கம் எம்மாம் பகைன்னாலும் எழவு சேதிய மட்டும் சொல்லாம வுடமாட்டாங்க. எனக்கு இன்னும் யாரும் வந்து சொல்லல."

பாய் திரும்பி வந்து என் பக்கத்தில் நின்றார். கவிதா கேமராவைப் போட்டாள். முகத்தை நிமிர்த்துங்கள், தங்கை பெயரை நீங்களே சத்தமாகச் சொல்லுங்கள் என்றாள்.

"பாப்பாத்தி."