பாலாற்று நாணலில் பன்றிகள்

தோஸ்த் கன்னியப்பனுக்கு,

கூடாது. கூடவே கூடாது. பகலெல்லாம் ஆற்று நாணலில் பதுங்கியிருந்து, இருட்டியதும் வீட்டுக்கு வந்து பிள்ளை முகம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்கிறாய். அந்த நாணல் காலியாக இல்லை. பன்றிகள் இருக்கின்றன.

பிளேக் வந்து ஊரைக் காலி செய்தபோது நம் தெருவார் வளர்த்து விட்டுவிட்டுப் போன பன்றிகளின் வம்சம்தான். இப்போது பிடரி மயிர் சிலிர்த்து, மூக்கு நீண்டு, காட்டுப் பன்றியாகவே மாறிவிட்டன. மழைக்காலமானால் மலையடி ஈச்சம்புதரில் கிடக்கும். இந்த வெயிலில் ஆற்றில் ஈரம் இருப்பது நாம் தோல் பதனிட்ட ஷாப்பின் கழிவுக் கால்வாய் வந்து விழும் இடத்தில் மட்டும்தான். பகலில் அந்தச் சேற்றில் படுக்கும், ராத்திரி வேர்க்கடலைக் கொல்லையில் மேயும்.

நீ வருகிறேன் என்ற அதே சனிக்கிழமை கொல்லைக்காரர்கள் பன்றி வேட்டை வைத்திருக்கிறார்கள். போலீஸும் துப்பாக்கியோடு வருகிறது. ஷாப்பு ஸ்டிரைக்கில், தோலுக்குப் போடும் ஆவாரம்பட்டைக் கொட்டகையைக் கொளுத்தியது நீதான் என்று ஷாப்பு மேஸ்திரி பொய்யாக எழுதிக் கொடுத்ததிலிருந்து அவர்கள் தேடுவது உன்னைத்தான். ஏட்டு என்னைப் பார்த்து, "இன்னாடா தானியேலு, உன் தோஸ்த்தும் பன்னியோட பன்னியா நாணல்லதான் கெடக்கிறானா?" என்று சிரித்தார்.

பெண் குழந்தை. உன் மூக்கு, பாவம். பிள்ளை பெற்ற உடம்பு தேறி சுந்தரி நன்றாக இருக்கிறாள். "கொழந்த எங்கயும் ஓடிடாது. அந்தாள உசுரோட இருக்கச் சொல்லு. இப்ப வந்தா வெளக்கமாத்தாலயே அடிப்பேன்" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நீ கேட்க மாட்டாய், எனக்குத் தெரியும். அதனால் இதையும் படி. போன வருஷ வேட்டையில் தகரச் சத்தத்துக்குப் பயந்து நாணலை விட்டு வெட்டவெளி மணலுக்கு ஓடிய பன்றி ஒன்றும் பிழைக்கவில்லை. துப்பாக்கிகள் அங்கேதான் நிற்கும். பிழைத்தது ஒரு கிழப் பெட்டை. மூக்கை மட்டும் வெளியே விட்டுக் கால்வாய்ச் சேற்றில் கிடந்தது. தோல் ஊறிய சுண்ணாம்பு நாற்றத்தில் வேட்டை நாய்களுக்கு மோப்பம் பிடிபடவில்லை. சத்தம் கிட்டே வந்ததும் எழுந்து, பன்றிகளைக் கலைக்கத் தகரம் தட்டுகிறவர்கள் நடுவிலேயே புகுந்து போய்விட்டது.

இந்த முறை தகரம் தட்ட நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். என் இடம் கால்வாய் ஓரம்.

வராதே கன்னியப்பா. வந்தே தீருவேன் என்றால் மணலுக்கு மட்டும் ஓடாதே. என் தகரம் கேட்கிற பக்கம் வா. நீ என்னைத் தாண்டிப் போகும்போது நான் உன்னைப் பார்க்க மாட்டேன்.

பட்டை ஏற்ற நீ இருக்கும் அணைக்கட்டு ஊருக்கு வரும் வண்டிக்கார மஹபூப் பாஷா அண்ணன் கையில் இதைக் கொடுக்கிறேன். மாடு பூட்டிவிட்டு, "எழுதினது போதும், குடுப்பா" என்று கத்துகிறார். கர்த்தர் உன்னைக் காக்கட்டும். நான் போக வேண்டும்.

தானியேல்